தேசப்படத்தில் இல்லாத தோட்டம்

1951 மார்ச் 11, ஞாயிறு

இன்று நமுனுகுல என்று எழுதினேன். பிறந்தது முதல் பார்க்கும் மலை, இன்றுதான் என் கைக்குள் வந்தது. என் பெண்சாதி கருப்பம்மா சிரிக்கிறாள்: "கிழவனுக்கு எழுத்து வந்துருச்சு. நாளையிலருந்து காலம்பற பெரட்டுல தொரை வந்து வரிசையில நிக்கட்டும், இவரு பேர் கூப்புடுவாரு." சிரிக்கட்டும். அவள் பேரையும் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். இரவு வரை அதை அழிக்க விடவில்லை அவள்.

ஏப்ரல் 2

எனக்கு எழுத்துச் சொல்லித் தந்த, தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் இளையதம்பி ஐயா ஒரு பள்ளிப் புத்தகம் கொடுத்தார். பதுளைப் பட்டணத்தின் சரித்திரமும் பூமிசாஸ்திரமும். எழுத்துக் கூட்டி வாசிக்கிறேன். ஆறு இருக்கிறது. முதியங்கனை விகாரை இருக்கிறது. ரயில் வந்து முடிகிற ஸ்டேசன் இருக்கிறது. நாங்கள் இல்லை. காட்டை எரித்துக் கோப்பி நட்டவர்களைச் சொல்லும் பக்கம் கிழிந்து போனதோ என்று புரட்டிப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் இருக்கிறது.

விட்டதை நான் எழுதுவேன். காட்டுக்கு வைத்த தீ மழை வரும் வரை அணையாத மலை எங்களுடையது. அதனால் நெருப்புத் தோட்டம். துரைமார் வைத்த சீமைப் பேர் ஒன்று ஆபீசில் உண்டு. நாங்கள் குடியிருக்கும் லயத்தில் ஒருவர் நாக்கும் அதற்குப் புரளாது.

ஜூலை 22

பிரஜாவுரிமை மனு. இங்கேயே பிறந்தாலும் எங்களைப் போன்றவர்கள் எழுதிக் கேட்டால்தான் இந்த நாட்டுப் பிரஜை. இளையதம்பி ஐயா, "சடையன், நான் நிரப்பித் தாறன். நீர் கையெழுத்தை மட்டும் வையும்" என்றார்.

"இல்லைங்க ஐயா. நானே எழுதுறேன்."

"அப்ப வாற வருசம் தான் முடியும்."

முடித்துவிட்டேன்! பிறந்த இடம், நெருப்புத் தோட்டம். இருக்கும் இடம், நெருப்புத் தோட்டம். பெண்சாதி கருப்பம்மா. மகன் ரெங்கசாமி. ஐயா பார்க்கக் கேட்டார். அதற்குள் உறையை ஒட்டிவிட்டேன்.

1955 நவம்பர் 8

பதுளைக் கச்சேரியில், அரசாங்க ஆபீசில், மனு விசாரணை. சுவரில் பெரிய தேசப்படம். அதிகாரி இங்கிலீசில் கேட்க, கிளாக்கர் தமிழில் சொன்னார்:

"தொரை குடுத்த சான்றிதழ்ல ஒரு தோட்டம். நீங்க எழுதினது வேற தோட்டம். அப்படி ஒன்னு இந்த மாகாணத்துலயே இல்லியாம்."

எழுந்துபோய்ப் படத்தில் விரல் வைத்தேன். "இதுதாங்க. ஆத்துக்கு மேல, இந்த மலை."

"அங்க என்ன பேர் போட்டிருக்கு? வாசிங்க."

இங்கிலீசு. வாசிக்கத் தெரியவில்லை.

"ரெண்டும் ஒன்னுதாங்க."

"அப்ப அந்தப் பேரை ஏன் எழுதல?"

"பொறந்ததுலருந்து நாங்க இப்புடித்தானுங்களே சொல்றோம்?" கூட வந்திருந்த ரெங்கசாமி என் முகத்தைப் பார்க்கவில்லை.

1957 ஜனவரி 19

கடுதாசி வந்தது. 'நிராகரிக்கப்பட்டது.' எவ்வளவு நீளச் சொல்! எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் வாசித்துவிட்டேன். எனக்கே ஆச்சரியம்.

1958 மே 3

அப்பீலும் போச்சு.

1959 ஜூன்

நான் எழுத உட்கார்ந்தால் கருப்பம்மா இப்போது கேலி செய்வதில்லை. விளக்கை மட்டும் கிட்டக் கொண்டுவந்து வைக்கிறாள். கேலி செய்தால் நன்றாயிருக்கும்.

1962 பெப்ரவரி 6

ரெங்கசாமியும் மருமகளும் நாளைக்கு இந்தியா போகிறார்கள். அவளுக்கு ஆறு மாதம். "இங்க பொறந்தா என் புள்ளையும் எந்த நாடும் இல்லாமத்தாம்ப்பா பொறக்கும். நீங்களும் வாங்க."

"அங்க எனக்கு யாரைடா தெரியும்? நான் கண்ணால கண்டதில்ல. இந்த மண்ணுலயே எங்களப் போடட்டும்."

தகரப்பெட்டி மூடியில் பேரும் ஊரும் எழுதச் சொன்னான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்னை எழுதச் சொல்கிறான். சந்தோஷமாக இருந்தது. வெள்ளைப் பெயின்ட் கலந்தேன்.

"போற ஊர் பேர் என்னடா?"

"கடல் தாண்டி மண்டபம் கேம்புல எறங்குனாத்தான் தெரியும்."

"சரி, பொறந்த ஊரை எழுதுறேன்."

சடையன் மகன் ரெங்கசாமி. எழுத்து நேராக வந்தது. அதற்குக் கீழே 'நெ' போட்டேன். நிறுத்தினேன். மகன் பார்த்துக்கொண்டு நின்றான்.

துணியால் துடைத்துவிட்டு, பதுளை என்று எழுதினேன். அது படத்தில் இருக்கிறது.