உயிரோடு இருப்பவனுக்கு ஒரு பூசை

அன்புள்ள அண்ணைக்கு,

மன்னாரில் சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தும் மனம் ஆறவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

நேற்றுக் குருநகர்த் தேவாலயப் பூசையில் பங்குச் சுவாமியார் உங்கள் பெயரைச் சொல்லி மன்றாடினார். இறந்தவர்களுக்குத்தானே வழக்கமாக அப்படிப் பூசை கொடுப்பார்கள்; நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்று நினைத்து அழுதுவிட்டேன். காணிக்கை கொடுத்து அந்தப் பூசையை உங்களுக்காக ஒப்புக்கொடுக்கச் சொன்னவர் சிமியோன். நீங்கள் ஊரை விட்டுப் போகக் காரணமான சண்டையில் உங்கள் துடுப்பு பட்டு ஒரு கண்ணை இழந்த அதே சிமியோன்.

அவரிடம் ஓடினேன்.

“விசரி, ஏன் அழுறாய்? உயிரோடை இருக்கிறவனுக்குத்தான் பூசை குடுத்தனான். ஆண்டவர் மன்னிச்சவனை நான் தள்ளிவைக்கிறதோ? அவனை வரச்சொல்லு.”

“உங்கடை முகத்திலை முழிக்க அண்ணைக்குத் துணிவு வராது,” என்றேன்.

“எனக்கு இன்னும் ஒரு கண் இருக்குத்தானே? முதலிலை நானே அவனைப் பாக்கிறன்.”

அண்ணை, திருநாளுக்கு முன்பே வாருங்கள். பஸ் நிலையத்தில் நாங்கள் இருவரும் நிற்போம்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் தங்கை