அண்ணன் கணினிக்கு ஒரு லினக்ஸ்

மார்ச் 4

அன்புள்ள வாலுவுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் அண்ணன் மாடிப்படியில் வழுக்கி முழங்காலை உடைத்துக்கொண்டார். இரண்டு மாதம் ஓய்வு. நம் மூக்குக்கண்ணாடிக் கடையை நான் பார்த்துக்கொள்கிறேன். அவருக்குக் கால்வலியைவிடக் கணினிக் கவலைதான் பெரிது. புது விண்டோஸை மல்லுக்கட்டி ஏற்றியதிலிருந்து அவர் அதில் விளையாடும் கார்ப் பந்தயம் ஆமை ஓட்டமாகிவிட்டது. "எடைக்குப் போட்டுடு" என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

போனில் பேசினால் அடுத்த அறைக்குக் கேட்கும். நீ கடையை விட்டு வேறு வேலைக்குப் போனதிலிருந்து உன் பேச்சை எடுத்தாலே அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். அதனால்தான் கடிதம்.

உன் அண்ணி

மார்ச் 11

என் செல்ல அண்ணிக்கு,

படித்ததும் ஓடிவரத் தோன்றியது. வந்தால் என் முகத்தைப் பார்ப்பாரா?

ஒரு பென்டிரைவ் அனுப்புகிறேன். விளையாடுகிறவர்களுக்கென்றே செய்த லினக்ஸ் அதில் இருக்கிறது. விண்டோஸுக்குப் பதிலாக இது கணினியை நடத்தும். விண்டோஸுக்காக எழுதிய விளையாட்டுகளுக்கும் கணினிக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கும். எல்லாமே ஓடும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அண்ணனுடைய பந்தயம் ஓடும், நானே ஓட்டிப் பார்த்தேன். முதலில் பென்டிரைவிலிருந்தே திறந்து காட்டுங்கள். பிடித்தால், படங்களையெல்லாம் பத்திரமாக வேறிடத்தில் எடுத்துவைத்துவிட்டு நிறுவுங்கள். யார் தந்தது என்று கேட்டால், கடைக்கு லென்ஸ் கொண்டுவருகிறவர் தலையில் கட்டிவிடுங்கள்.

உங்கள் வாலு

மார்ச் 23

அடி வாலு,

என்னையும் பொய் சொல்ல வைத்துவிட்டாய்! "லினக்ஸா? கறுப்புத் திரையில எழுத்தா ஓடுமே, அது எனக்கெதுக்கு?" என்று முறுக்கிக்கொண்டார். "சும்மா பாருங்க. புடிக்கலன்னா பிடுங்கிப் போட்டுடலாம்" என்றேன். பார்த்தார், பிடித்துப்போய் நிறுவியும் விட்டார். அன்று மாலை அவர் அறையிலிருந்து ஒரே கூச்சல். பதறி ஓடினால், மனிதர் சிரிக்கிறார்! கார் பறக்கிறது. கட்டுப்போட்ட காலைப் பார்க்க வந்த மருத்துவரால்கூட லினக்ஸ் பிரசங்கம் கேட்காமல் வெளியே போக முடியவில்லை.

இப்போது புதுப் புலம்பல்: "தனியா ஓட்டி ஜெயிச்சா அது ஒரு ஜெயிப்பா?"

இணையத்தில் வேறு பெயரில் நீ அவரோடு ஓட்ட வரக் கூடாதா?

அண்ணி

ஏப்ரல் 9

அண்ணி,

தினமும் 'தக்காளி' என்ற பெயரில் போய்த் தோற்றுவிட்டு வருகிறேன். நேற்று என் கார் கவிழ்ந்தது. முன்னால் போன அண்ணன் வண்டியை நிறுத்தி, நான் எழுந்து வரும்வரை காத்திருந்தார். யாரோ ஒரு தக்காளிக்கு இவ்வளவு தயவு! அழுதுவிட்டேன். இனி ஏமாற்ற மனசு வரவில்லை. உண்மையைச் சொன்னால் இதுவும் போய்விடுமோ என்றும் பயம். கொஞ்ச நாள் போகாமல் இருக்கப் போகிறேன்.

வாலு

ஏப்ரல் 17

அன்பு வாலுவுக்கு,

நீ வராத நாளிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேற்று மெதுவாகக் கேட்டார்: "உன் நாத்தனாருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? ஒரு வாரமா பந்தயத்துக்கு வரலையே?"

என் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்துவிட்டது.

"தெரியுமா உங்களுக்கு?"

"மொத நாளே தெரியும். வண்டிக்கு பிரேக்னு ஒண்ணு இருக்கறதே தெரியாம, ஒவ்வொரு வளைவுலயும் போய் முட்டறது நம்ம வீட்டுக் கழுதை ஒண்ணுதான்."

"அப்புறம் ஏன் பேசல?"

"பேசினா சண்டை வருது. சேர்ந்து ஓட்டினா வரல. அதான் ஓட்டிக்கிட்டே இருந்தேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். சனிக்கிழமை கிளம்பி வா. சாக்குப்போக்கு எதுவும் செல்லாது. இந்தக் கடிதத்தையும் பிடுங்கி, கீழே அவரே கிறுக்கியிருக்கிறார்.

உன் அண்ணி

தக்காளி, வா. பிரேக் எங்க இருக்குன்னு காட்டறேன்.
— அண்ணன்