பதினெட்டுப் படி

மே 12

கால்பந்து லீக் முடிந்தது. மூன்றாம் இடம்! தெருவில் ஹாரன் சத்தம் இன்னும் நிற்கவில்லை. கத்திக் கத்தி எனக்கும் தொண்டை கட்டிவிட்டது.

ஆனால் போனைத் திறந்தால் எரிச்சல். எல்லோரும் கிளப்பின் பொது மேலாளரைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். அவருக்கு "கால்குலேட்டர்" என்று ரசிகர்கள் பெயர் வைத்ததே கிண்டலுக்குத்தான். இன்று அதையே கொடியில் எழுதிப் பிடித்திருக்கிறார்கள். மாஸ்டர் பிளானாம். என்ன பெரிய பிளான்? எதிரணி அடித்த பந்து பதினோரு தடவை கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கம்பத்தையும் அவர்தான் பேரம் பேசி வாங்கினாரா?

எல்லாம் என் எக்செல் ஷீட்டில் இருக்கிறது. முப்பது ஆட்டம், ஒவ்வொரு ஷாட், ஒவ்வொரு காயம். வீடியோ பார்த்து நானே கற்றுக்கொண்டு போட்டது. கடைசியில் ஒரு வரிசை உண்டு. தலைப்பு: அதிர்ஷ்டம். கணக்கில் விளக்கம் கிடைக்காதது எல்லாம் அங்கே போகும். இந்த வருடம் அந்த வரிசை வழிகிறது.

மே 13

போட்டுவிட்டேன். பதினோரு பதிவு, ஒரே தொடர். "இது நிர்வாகம் இல்லை, அதிர்ஷ்டம்."

கம்பத்தைப் பற்றி எழுதினேன். ஸ்டிரைக்கரைப் பற்றி எழுதினேன் - கிளப் கேட்டது வேறு ஆளை, அவன் வர மாட்டேன் என்றதால்தான் இவன் வந்தான், வந்து பத்தொன்பது கோல் போட்டான். ஏழாவது பதிவு காயம். ஓர் அணிக்கு லீக் சராசரி இருபத்திரண்டு. நமக்கு ஏழு. "சுத்தமான அதிர்ஷ்டம். அடுத்த சீசனில் தானாகச் சராசரிக்கு வரும், பாருங்கள்."

அக்கா அந்தக் கிளப்பின் பிசியோ. அவள் மனம் நோகுமோ என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஆனால் அடிபட்ட பிறகுதானே அவளுக்கு வேலை? ஐஸ் வைப்பது, கட்டுப் போடுவது. அடிபடாமல் இருந்ததற்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்?

மே 15

பன்னிரண்டாயிரம் லைக்!! அக்காவிடம் சொல்ல வாய் துறுதுறுத்தது. முடியாது. கிளப் விஷயம் வெளியே போகக் கூடாது என்று அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அதனால் மூன்று வருடமாக எங்கள் சாப்பாட்டு மேஜையில் கிளப் பேச்சே கிடையாது. நாட்டிலேயே பெரிய ரசிகை நான். பக்கத்து நாற்காலியில் பிசியோ. நாங்கள் பேசுவது குழாய் ஒழுகுவதைப் பற்றி.

மே 19

விடுமுறை முகாமாம். இன்றும் ஐந்தரைக்கு அவள் அலாரம். ஒரே அறை, எனக்கும்தான் தூக்கம் போகிறது.

"ஏழு மணி பிராக்டிஸுக்கு இப்பவே எதுக்குக்கா?"

"படிக்கட்டு பார்க்கப் போறேன். தூங்குடி."

கேட்டதுக்குப் பதிலைப் பார்!

மாலையில் அப்பா மாடியிலிருந்து இறங்கினார். இவள் கீழே நின்று, "என்னப்பா, நேத்து வரைக்கும் கைப்பிடிய பிடிக்க மாட்டீங்களே. முட்டி வலிக்குதா?" என்றாள்.

"உனக்கு வீட்டுலயும் டியூட்டியா?" என்றார். வலிதான் என்று அப்புறம் ஒத்துக்கொண்டார்.

ஜூன் 3

அக்கா மதியமே வந்துவிட்டாள். கையில் ஒரு தாள். மேஜையில் வைத்தாள்.

என் ஏழாவது பதிவு. அச்சடித்து, மஞ்சள் கோடு போட்டு. மேலே என் கணக்கின் பெயர்: கம்பத்தில் பட்டவள்.

செலவு குறைக்கும் கூட்டத்தில் கால்குலேட்டர் ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்தாராம். "காயம் குறைஞ்சது தற்செயல்னு ரசிகர்களே கணக்குப் போட்டுச் சொல்றாங்க. அப்புறம் முழுநேர பிசியோ எதுக்கு?" இந்த மாதத்தோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்க மாட்டார்கள். வாரம் இரண்டு நாள் வெளியிலிருந்து ஒருவர் வருவாராம்.

"மத்த பத்து பதிவு?" என்று கேட்டேன். ஐயோ, முதலில் வாயில் வந்தது அதுதான்.

"மத்ததெல்லாம் அவரைத் திட்டுது. அதை அவர் ஏன்டி அச்சடிக்கிறாரு?"

அப்புறம் கத்தினாள். மூன்று வருடச் சட்டம் ஒரே நொடியில் போனது. உடை மாற்றும் அறையிலிருந்து மைதானத்துக்குப் பதினெட்டுப் படியாம். தினமும் எல்லோருக்கும் முன்னால் போய்க் கீழ்ப்படியில் நிற்பாளாம்.

"எவன் கைப்பிடிய பிடிச்சிட்டு இறங்குறானோ அவன் அன்னிக்கு ஓட மாட்டான். அவன் கெஞ்சினாலும் சரி, கோச் முறைச்சாலும் சரி. இருபத்தாறு பேர் கால்டி! மூணு வருஷம்! அதுக்கு உன் ஷீட்ல பேரு அதிர்ஷ்டமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? கேக்கக் கூடாதுன்னு நீதானே சட்டம் போட்ட!"

"தெரியலைன்னா தெரியலைன்னு எழுது. அதுக்கு நான் சட்டம் போடலையே."

அம்மா, "சாப்பிட்டுட்டு சண்டை போடுங்கடி" என்றாள். யாரும் சாப்பிடவில்லை. அப்பா அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

ஜூலை 1

ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. அணைத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூலை 4

திருத்தம் போட்டேன். படியைப் பற்றி எழுத முடியாது, அவள் கையெழுத்து இருக்கிறது. "காயம் பற்றி நான் சொன்னது தவறு. அதற்குப் பின்னால் உழைப்பு இருந்தது." முப்பத்தோரு லைக். ஒருவன் கேட்கிறான்: "என்ன சிஸ்டர், மிரட்டல் வந்துச்சா?"

கால்குலேட்டருக்கு மின்னஞ்சலும் அனுப்பினேன், நான்கு பக்கம். ஒரு நிமிடத்தில் பதில்: "உங்கள் ஆதரவுக்கு நன்றி." படிக்காமல் அனுப்பும் பதில். எனக்குத் தெரியாதா? வாடிக்கையாளர் சேவையில் பகலெல்லாம் நான் தட்டி அனுப்புவதும் அதுதானே.

ஆகஸ்ட் 25

மூன்று ஆட்டம். மூன்று தொடைத் தசைக் காயம். அக்கா டிவி பக்கமே வரவில்லை. சமையலறையிலிருந்து ஒரே கேள்வி: "யாரு, இடது பின்கள வீரனா?"

ஆமாம், அவன்தான்.

செப்டம்பர் 29

ஏழு ஆட்டத்தில் ஒன்பது காயம். பதினோராம் இடம்.

காலையிலிருந்து போன் அதிர்கிறது. யாரோ என் ஏழாவது பதிவைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். "தீர்க்கதரிசி!" "அப்பவே சொன்னா பாரு!" "சராசரிக்கு வந்துடுச்சு, சொன்ன மாதிரியே!" நாற்பதாயிரம்.

டேய், சராசரிக்கு வரலடா! நான்தான்டா இழுத்துட்டு வந்தேன்!

இதை எங்கே எழுதுவது? இங்கேதான்.

இதில் கால்குலேட்டர் பேட்டி வேறு. போன சீசன் வெற்றி "திட்டமிடல்". இந்த சீசன் காயங்கள் "துரதிர்ஷ்டம்". பதினோரு தடவை கம்பத்தில் பட்டது அவர் திட்டமாம். அக்கா படியில் நின்றது எந்தக் கணக்கிலும் இல்லை. அந்த ஆளைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்த வேகத்தில் மூடினேன். என் ஷீட்டும் அதைத்தானே சொன்னது?

அக்டோபர் 14

அக்காவுக்கு வேலை கிடைத்துவிட்டது. கடைசி இடத்தில் இருக்கும் அணி. பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். அலாரம் இனி நாலேகாலுக்கு. வாயே திறக்க மாட்டேன்.

"அங்க படிக்கட்டு இருக்காக்கா?" - ஜூனுக்குப் பிறகு அவளிடம் நான் கேட்ட முதல் கிளப் கேள்வி.

பைக்குள் டேப் சுருளைத் திணித்தாள். பிறகு, "தரையோட தரை. டீம் பஸ்ஸுக்கு மூணு படி இருக்கு. போதும்" என்றாள்.

ஷீட்டைத் திறந்து அந்த வரிசையின் தலைப்பை மாற்றினேன். அதிர்ஷ்டம் - அழி. தெரியாது - சேமி. கம்பத்தில் பட்டது, ஸ்டிரைக்கர், எல்லாம் அப்படியே உள்ளே இருக்கட்டும். அந்த ஏழு காயத்தை மட்டும் வெளியே எடுத்தேன்.

டிசம்பர் 8

எங்கள் கிளப்பும் அக்கா அணியும் மோதின. யாருக்குக் கத்துவது என்று தெரியாமல் வாயில் துப்பட்டாவைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா அணி ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றது. கடைசி நிமிடத்தில் அவர்கள் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பாழாய்ப்போன கம்பம் இன்னும் எங்கள் பக்கம்தான். எங்கள் ஆட்களில் இரண்டு பேர் நொண்டிக்கொண்டே போனார்கள்.

அக்கா வீட்டுக்கு வந்து, ஷூவைக் கழற்றாமலே என் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள்.

"எங்க டீமுக்கு எத்தனை காயம் போட்டிருக்க?"

"நீ அங்க சேர்ந்ததுக்கு அப்புறம் ரெண்டு."

"ரெண்டாவது என் கணக்கு இல்லடி. அந்த மடையன் குளிக்கும்போது சோப்பு மேல கால வச்சிட்டான். அதை உன் அதிர்ஷ்டத்துல போடு."

"அந்தத் தலைப்பை எடுத்துட்டேன்க்கா."

எட்டிப் பார்த்தாள். தலைப்பைப் படித்தாள். என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு ஷூவைக் கழற்றப் போனாள்.

"தெரியாது" பக்கத்தில் புதிதாக ஒரு வரிசை திறந்தேன். தலைப்பு: சோப்பு. எண்ணிக்கை: 1.