வாகரை வீதியில் கழன்ற சில்லு

மச்சான்,

மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டேன். விரலில் இருந்து துருவும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த மணம் போகிறதாக இல்லை. நம் பழைய மொரிஸ் மைனர் காரோடு ஒரு கிழமையாக மல்லுக்கட்டி, இன்று பின்னேரம்தான் வேலை முடிந்தது. எனக்கும் வயதாகிவிட்டது. குந்தினால் எழும்ப முடியவில்லை, எழும்பினால் குந்த முடியவில்லை.

நீ போய் ஒரு வருடமாகி, உன் ஆட்டைத் திவசமும் முடிந்த பிறகு உன் மகளுக்குக் கலியாணம் கூடிவந்திருக்கிறது. வருகிற ஞாயிறு. போன கிழமை, நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி செட்டிபாளையத்துக்கு என் வீடு தேடி வந்தாள். "அண்ணன், அவர் இல்லாட்டியும் அவர்ட கார் வரட்டும். புள்ளய நீங்கதான் கோயிலுக்குக் கொண்டு போகணும். நானும் முன்னுக்கு ஏறுறன்," என்றாள். கந்தோரில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்து வேலை செய்த காலத்தில் நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய கார். அவள் அதில் ஏறிப் பதினாலு வருடம். நான் ஓம் என்றேன். வேறென்ன சொல்ல?

பிரேக்கைப் பார்ப்போம் என்று முன்பக்க இடது சில்லைக் கழற்றப் போனேன். நட் கழலவில்லை, ஸ்டட்டே முறிந்து நட்டோடு கையில் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. சில்லைப் பிடித்து வைத்திருப்பதே நாலு ஸ்டட்தான். முறிந்த துண்டுகளோடு பிரேக் ட்ரம்மையும் உரப்பையில் கட்டிக்கொண்டு காத்தான்குடியில் லேத் பட்டறை வைத்திருக்கும், அண்ணன் முறையில் நான் காக்கா என்று கூப்பிடும் மனுசனிடம் போனேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு முறிந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது துருவில முறிஞ்சது இல்ல சேர். இழுபட்டு முறிஞ்சிரிக்கி. ஆரு இப்பிடி இறுக்கின? பைப் போட்டு ஏறி நிண்ட மாதிரி இரிக்கி. இரும்பெண்டாலும் அதுக்கும் ஒரு அளவு இரிக்கில்ல?"

நான்தான் காக்கா என்றேன். நட் இறுக்கும் சாவியின் பிடியில் இரும்புக் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி நின்றுதான் பதினாலு வருடமாக இறுக்கியிருக்கிறேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே அழுதிருப்பேன்.

பதினாலு வருடத்துக்கு முந்தி, அன்று வாகரையில் கலியாண வீடு. நீ ஓட்டினாய், தங்கச்சி முன்னால், நான் பின்னால். ஓட்டமாவடி தாண்டியதும் முன் இடது சில்லில் காற்றுப் போனது. நீதான் மாற்றுச் சில்லைப் போட்டு, நாலு நட்டையும் கையால் பூட்டினாய். சில்லு அந்தரத்தில் நிற்கும்போது அவ்வளவுதான் செய்யலாம். காரைத் தூக்கி நிறுத்திய ஜக்கை இறக்கி, சில்லு நிலத்தில் ஊன்றிய பிறகுதான் கடைசி இறுக்கு. தங்கச்சிக்குத் தாகம் என்று நீ கடைக்கு ஓடினாய். "மச்சான், இறக்கிப் போட்டு ஒருக்கா நல்லா இறுக்கிவிடு" என்று ஓடிக்கொண்டே சொன்னாய். நான் இறக்கினேன். இறுக்கவில்லை. வெள்ளை வேட்டி, புதுச் சட்டை, தீயாய் எரிகிற வெயில். நீ சோடாப் போத்தலோடு வந்து "இறுக்கிட்டியா?" என்று கேட்டாய். "ஓம் ஓம், ஏறு" என்றேன். எவ்வளவு லேசாக வந்தது அந்தப் பொய்!

வாகரைக்குக் கிட்டப் போகும்போது ஸ்டட்டெல்லாம் அறுந்து, சில்லு நமக்கு முன்னால் உருண்டு பற்றைக்குள் போனது. கார் மரத்தில் மோதித் தங்கச்சியின் கை முறிந்தது. ஆஸ்பத்திரியில் அவளுடைய அண்ணன்மார் உன்னைச் சூழ்ந்துகொண்டு ஏசினார்கள். "நட்டைத் தலைமாறிப் பூட்டிட்டன் போல. உள்ளுக்கு இருக்க வேண்டிய சரிவுப் பக்கம் வெளியால வந்திட்டு. என்ட பிழைதான்" என்று நீ தலை குனிந்து நின்றாய். நான் இறுக்கியதாகச் சொன்னதில் உனக்குச் சந்தேகமே வரவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். அந்த நாளை வரவே இல்லை, மச்சான். நீ ஸ்டியரிங்கைத் திரும்பத் தொடவும் இல்லை. திருத்திய கார் என் வீட்டிலேயே நின்றுவிட்டது.

இன்று புது ஸ்டட்டை அடித்து ஏற்றி, சில்லைப் பூட்டி, குழாய் இல்லாமல் அளவாக இறுக்கி முடித்தபோது தங்கச்சி பார்க்க வந்தாள். முறிந்த கை இன்றைக்கும் முழுதாக நீளாது. அந்தக் கையால் சில்லைத் தொட்டு, "இந்த முறை கழராதே அண்ணன்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அதற்கு மேல் என்னால் தாங்க ஏலவில்லை. முற்றத்து மணலில் இருந்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"கை முறிஞ்சது போகட்டும் அண்ணன். அந்த மனுசன் அதுக்குப் பிறகு ஒரு ஆணி அடிக்கயில்ல. கேஸ் சிலிண்டரைப் பூட்டிட்டு என்னைக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுவார். புள்ளய ஒருநாளும் சைக்கிளில ஏத்தயில்ல. 'என்ட கை சரியில்ல, நீ பாரு, நீ பாரு' எண்டே காலம் போச்சு. நீங்க கிழமைக்கு ரெண்டு தரம் வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனீங்க. ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

பிறகு சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, "புள்ளைக்கு வான் பிடிக்கிறன். நீங்க கலியாணத்துக்கு வாங்க. கார் வேணாம்," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அவள் சொன்னது நியாயம். போவேன், பின்வரிசையில் இருப்பேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வாயில்லை. உனக்கு நான் சொல்ல வேண்டியிருந்ததும் சின்ன விஷயம்தான், உன் முன்னால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். நட் தலைமாறவில்லை, மச்சான். ஜக்கை இறக்கும்போது என் கண்ணால் பார்த்தேன். நீ சரியாகத்தான் பூட்டினாய். உன் கையில் ஒரு பிழையும் இருக்கவில்லை.