அடியில் போன மண்ணெண்ணெய்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அதைவிடச் சுகமாக இருக்க வேண்டும். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே என்று அம்மா எழுதச் சொன்னாள். எங்கள் ராணுவச் சரக்குப் படைப்பிரிவின் வரலாற்றுப் புத்தகம் வந்ததும் ஆபீஸில் எல்லாருக்கும் காட்டப்போவதாகச் சொன்னாயே, அதைக் கேட்ட பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். பதினோரு லாரியும் ஒரு தகரக் கொட்டகையுமாகத் தொடங்கி, கிடங்கு, போக்குவரத்து, பழுது என்று மூன்று கம்பெனியாக வளர்ந்த கதையை என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். நாங்கள் போய்ச் சேராவிட்டால் துப்பாக்கி வெறும் கம்புதான் என்று ஜம்பமாக ஆரம்பித்தேன். ஒரு பனிக்காலத்துக் கதைக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

எங்கள் வேலையில் முதலில் இறங்க வேண்டிய சரக்கைக் கடைசியில் ஏற்ற வேண்டும். அதனால் கிடங்கு எழுத்தர் பட்டியலைத் தலைகீழாக எழுதுவார், டிரைவர் வரி மாறாமல் ஏற்றுவார். அந்த எழுத்தர் நான். அன்று அவசரத்தில் மலை முகாம் கேட்டிருந்த வரிசையிலேயே எழுதிவிட்டேன், குளிர்காய முதலில் வேண்டிய மண்ணெண்ணெய் அடியில் போய்விட்டது. பனிக்காற்றில் லாரி முழுவதையும் இறக்கி அதை எடுப்பதற்குள் இரண்டு சிப்பாய்களின் கால்விரல்கள் விறைத்துப் போய்விட்டன, பிறகு வெட்டித்தான் எடுத்தார்கள். விசாரணையில் நான் டிரைவர் மாற்றி ஏற்றிவிட்டார் என்றேன். சரியான வரிசையில் புதிதாக ஒரு பட்டியல் எழுதிக் கோப்பிலும் வைத்தேன். அவரைப் பதவி இறக்கினார்கள், எனக்கு மறு வருஷமே உயர்வு. பொய் சொன்னாய் என்று உன்னை அடித்த கை இதுதான், மகளே.

அன்று நடந்ததை நடந்தபடி எழுதி, போன வாரம் அந்த டிரைவர் வீட்டுக்கே எடுத்துப் போனேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். எழுந்து உள்ளே போய், விசாரணையில் தொலைந்துவிட்டது என்று அவர் சொல்லியிருந்த என் பழைய பட்டியலைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். கையில் இருந்தும் ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். "உன் பொண்டாட்டி அப்ப நிறைமாசம். உன்னை வீட்டுக்கு அனுப்பிட்டா அவ என்ன பண்ணுவா? சரி, நீயே வந்து சொல்லுவேன்னு இருந்தேன். அதுக்கு முப்பத்தொரு வருஷமா தம்பி?" என்றார்.

புத்தகத்தில் அந்தப் பக்கம் அப்படியே வரும். காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். டிரைவருடைய போன் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், மறக்காமல் பேசு. 'அப்போது அம்மா வயிற்றில் இருந்தது நான்தான்' என்று சொல்.

இப்படிக்கு,
உன் முகத்தைப் பார்க்க வெட்கப்படும்
அப்பா