மானம்பூ வாள்

நவராத்திரி எட்டாம் நாள்

லண்டனில் இருக்கும் அக்கா அடிப்பித்து அனுப்பிய வாள் இன்னும் கொழும்புச் சுங்கத்தில் கிடக்கிறது. அனுமதிக் கடிதம், கோயில் கடிதம் எல்லாம் கொடுத்திருந்தேன். இன்று அதிகாரி போனில், "வாள் என்னத்துக்கு?" என்றார். என் வாய் சும்மா இருக்குமா?

"ஒருத்தன்ரை தலையை வெட்ட, ஐயா."

சிரிப்பார் என்று நினைத்தேன். எழுதிக்கொண்டார். வாழைமரத்தைத்தான் அசுரன் என்று வெட்டுகிறோம் என எவ்வளவோ சொன்னேன். "இனி மேலிடம்தான் பாக்கும்" என்று வைத்துவிட்டார்.

நாளை மறுநாள் விஜயதசமி; வேலணை அம்மன் கோயிலில் மானம்பூ, வாழை வெட்டும் திருவிழா. அன்றைக்குத்தான் அக்காவின் மகனுக்கு இருதய ஒப்பரேசன். புது வாளால் வாழை வெட்டுவிப்பதாக அவளுடைய நேர்த்தி.

பின்னேரம் அக்கா போன் எடுத்தாள். "வாள் வந்திட்டுதோடா?"

"ஓம் அக்கா. மினுங்குது."

"படம் அனுப்படா. பிள்ளைக்குக் காட்டோணும்."

"அம்மாளாச்சி படம் எடுக்க விடமாட்டாவாம்."

"உனக்கு எப்பவும் பகிடிதான்" என்று சிரித்தாள். பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்ட பிறகு அவள் சிரித்து இன்றைக்குத்தான் கேட்டேன்.