ஒரு பீப்பாய்க்கு இரண்டு அப்பன்

டேட்டன், ஓஹையோ
ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை

வெஸ்லிக்கு,

உன் அப்பா எழுதுகிறேன். உடம்பு பரவாயில்லை. வலது முழங்கால் மட்டும் வானிலை அறிக்கைக்கு முன்பே மழையைச் சொல்லிவிடுகிறது. நாம் போனில் பேசினால் யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டு வைத்துவிடுகிறோம், பெரும்பாலும் நான்தான். கடிதத்தில் அப்படி வைக்க முடியாது. அதனால் நீயும் கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

உன் பீர்க்கடைக்கு அக்டோபரில் ஐந்து வருடம் நிறைகிறது, அன்றைக்கு ஊர்க்காரர்கள் முன்னால் முதல் பீப்பாயை நானும் டுவைட்டும் சேர்ந்து தட்டித் திறக்க வேண்டும் என்று கேட்டாய். "ரெண்டு பேருமே எனக்கு அப்பாதானே" என்றாய். "ஒரு பீப்பாய்க்கு எதுக்குடா ரெண்டு அப்பன்?" என்று கேட்டுவிட்டு நான் போனை வைத்தேன். கேட்டதை நான் திரும்பப் பெறவில்லை. உன் அம்மா என்னை விட்டுவிட்டு ஒரு படகுக்காரனைக் கட்டிக்கொண்டது அவள் விருப்பம். ஆனால் நான் பெற்ற பிள்ளை இன்னொருவனை அதே சொல்லால் கூப்பிடுவது என் காதில் விழ வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாது. போன மாதம் நான் உன் ஊருக்கு வந்திருந்தேன்.

உன் அத்தை நடீன்தான் காரணம். "கடலைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு, கிளம்புண்ணே" என்று காரையே வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில் ஏறினேன். கரோலினா கடற்கரை ஜூலையில் மனிதர் போகும் இடமா? காரின் கதவைத் தொட்டால் கை வெந்தது. மணலில் கால் வைக்க முடியவில்லை. இறால் பொரித்ததைக் கையில் வைத்திருந்தேன், ஒரு கடல்காகம் அப்படியே பிடுங்கிக்கொண்டு போனது. அந்த வெயிலுக்குப் பயந்து பகல் முழுவதும் பீர் காய்ச்சும் கடைகளுக்குள் ஒதுங்க வேண்டியதாயிற்று. நடீன் அதற்குத்தான் வந்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பழைய ஐஸ் கிடங்கில் நடத்தும் கடைக்குப் போனோம். மாம்பழத்தைப் போட்டுப் புளிக்கவைத்து அதற்கும் பீர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். படகுத்துறைப் பக்கம் இன்னொன்று. அங்கே நாய்களுக்குத் தனித் தண்ணீர்க் கிண்ணம், குழந்தைகளுக்கு ஊஞ்சல், குடிக்க வந்தவனுக்கு உட்கார இடமில்லை. நான் யாரிடமும் பாடம் கேட்டவன் இல்லை. கராஜில் பானை பானையாகக் கெடுத்துக் கொட்டி, கொட்டியதிலிருந்து கற்றவன். அதனால் எது கெட்டது என்று நாக்கு உடனே சொல்லிவிடும். சொன்னேன். நடீன், "அண்ணே, உன்னைக் கூட்டிக்கிட்டு வர்றதுக்கு ஒரு பல் டாக்டரைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கலாம்" என்றாள்.

வியாழக்கிழமை உன் கடைக்கு வந்தோம். நீ மால்ட் தானியம் வாங்க வெளியூர் போயிருந்தாய். அதை வாசலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டுதான் உள்ளே நுழைந்தேன்.

உள்ளே வந்ததும் கண்ணில் பட்டது அந்தப் படம். நீயும் டுவைட்டும் ஆளுக்கொரு பக்கம் ஒரு பெரிய மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறீர்கள். உன் தலையில் அவன் தொப்பி. வாடிக்கையாளர் குவளைகளைத் தொங்கவிடும் வரிசையில் முதல் கொக்கியில் அவன் குவளை. கரும்பலகையில் பீர்களின் பெயர்களுக்கு நடுவே, மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில், "கேப்டன் டுவைட்". அவன் படகு ஓட்டியவன். அவன் வாழ்க்கையில் ஒரு பானை பீர் காய்ச்சியதில்லை. நடீன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பொறாமையில பச்சையா ஆயிட்டே" என்றாள். வெயில் என்றேன்.

ருசி பார்க்கும் பலகை ஒன்று கேட்டோம். நான்கு குழி, நான்கு சின்னத் தம்ளர். ஓரங்களில் இருந்த இரண்டும் பழுப்பு, நடுவில் இருந்த இரண்டும் வெளுப்பு. கையெல்லாம் பச்சை குத்திய உன் வேலைக்காரப் பெண் டானிகா கொண்டுவந்து வைத்தாள். "ஐயா, இடப்பக்கத்துலேர்ந்து குடிங்க. முதல்ல இருக்கறது 'இன்னும் ஆகலை', கடைசியில கேப்டன் டுவைட்" என்றாள். இப்போதெல்லாம் பீருக்கு இப்படித்தான் கிறுக்குப் பெயர் வைக்கிறார்கள் என்று நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்குக் கடைசித் தம்ளரோடுதான் வேலை.

நாங்கள் வெளி மேடையில் உட்கார்ந்திருந்தோம். பலகையின் ஒரு பாதியில் வெயில் அடித்தது. கேப்டன் டுவைட் நிழலில் ஜாலியாக இருந்தது, எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. பலகையை எடுத்து முழுதாகத் திருப்பி வைத்தேன். அதன் பிறகு நடீன் சோள உருண்டை வேண்டுமா என்று கேட்டாள், பக்கத்து மேசையில் ஒரு நாய் குரைத்தது, நான் திருப்பியதை மறந்துவிட்டேன்.

இடப்பக்கத்துத் தம்ளரை எடுத்துக் குடித்தேன். வெஸ்லி, உள்ளதைச் சொல்ல வேண்டும். நன்றாக இருந்தது. வறுத்த ரொட்டியின் மணம், கடைசியில் ஒரு கசப்பு, அந்த வெயிலுக்கு நெஞ்சில் இறங்கிய விதம். இதைக் காய்ச்சியவன் கைகாரன் என்று நடீனிடம் சொல்லி, காலித் தம்ளரை டானிகாவிடம் காட்டி அதிலேயே பெரிய குவளை ஒன்று வாங்கிக் குடித்தேன். கடைசியில் வலப்பக்கத்துத் தம்ளருக்கு வந்தேன். நாக்கில் பட்டதும் எனக்குள் ஒரு சந்தோஷம். தண்ணீராக இருந்தது. பச்சை வாசனை போகவில்லை. டானிகாவைக் கூப்பிட்டு மேடை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னேன்: "உங்க கேப்டன் நாறிப்போயிருக்கார்மா! யாரோ அவசரப்பட்டு வடிச்சிருக்கான். இதைக் குடிக்கக் குடுக்கலாமா? இன்னும் ஆகலை!"

எல்லாரும் திரும்பினார்கள். வெயிலில் சிவந்துபோன ஒருவன், "பெருசு, உள்ள போய் நீங்களே காய்ச்சிடுங்களேன்!" என்று கத்தினான். டானிகா மட்டும் பலகையைப் பார்த்துச் சிரித்தாள். "ஐயா, பலகையோட கைப்பிடி உங்க வலப்பக்கம்ல இருக்கணும்? திருப்பிட்டீங்க. நீங்க ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சதுதான் கேப்டன். திட்டினீங்களே, அது எங்க ஓனரோட அப்பா பீர். அவர் ஓஹையோவுல இருக்காராம். ஓனர் சின்னப் பையனா இருக்கறப்ப பாட்டிலைத் திறக்கலாமான்னு கேட்டா, 'இன்னும் ஆகலை'ன்னே சொல்வாராம். அதையே பேரா வெச்சுட்டார். விக்கவே விக்காது, ஆனா எழுதின பேரை அழிக்க விடமாட்டேங்கறார்."

நடீன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. என் மூக்குக்கண்ணாடி தானாகவே மங்கியது. அங்கே அவ்வளவு ஈரக்காற்று.

ஆனால் என் நாக்கு பொய் சொல்லவில்லை. எத்தனை நாள் வைக்கிறீர்கள் என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். "மூணு வாரம் தாண்டாதுங்க. கேப்டனுக்கு டேங்க் வேணும்ல?" என்றாள். பார்த்தாயா? டேட்டன் கராஜில் ஒரு குளிர்காலம் முழுக்கத் தூங்கிய பீரை நீ அவனுக்காகப் பாதித் தூக்கத்தில் எழுப்பியிருக்கிறாய். குற்றம் என் செய்முறையில் இல்லை. இதை நீ எழுதி ஒட்டி வைத்துக்கொண்டாலும் சரி.

காருக்குத் திரும்பும்போது பின்கதவருகே டுவைட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். தலை முழுவதும் நரைத்துவிட்டது. "ஹார்லன்?" என்றான். நான் தலையை மட்டும் ஆட்டினேன். "வெஸ்கிட்ட சொல்லட்டுமா?" வேண்டாம் என்றேன். "சரி, சொல்லலை" என்றான். மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "உங்க பீரை இந்த ஊர்லயே ரெண்டு பேர்தான் குடிக்கறோம், உங்க பையனும் நானும். கடை மூடினப்புறம் ஆளுக்கொரு தம்ளர். நல்லாவே இல்ல ஹார்லன். ஆனா அவன் முகத்தைப் பார்த்தா எப்படிங்க சொல்றது?"

இத்தனை வருடத்தில் அவனும் நானும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. அதற்காகவும் எனக்கு அவன்மேல் கோபம். அந்தத் தம்ளரை உன் எதிரில் உட்கார்ந்து குடித்திருக்க வேண்டியவன் நான். அவன் நன்றாக இல்லாததையே குடித்துக்கொண்டு அந்த இடத்தில் இருந்திருக்கிறான். அவன் உன்னிடம் இன்னும் சொல்லவில்லை என்றால் வாக்கைக் காப்பாற்றியிருக்கிறான் என்று அர்த்தம். கேப்டன் டுவைட் எனக்குப் பிடித்திருந்தது என்பதை மட்டும் நீயும் அவனிடம் சொல்லாதே.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கேப்டனுக்குப் பத்தாது என்று பின்பக்கம் ஒரு சின்ன டேங்க் சும்மா கிடக்கிறது என்று அந்தப் பெண் சொன்னாள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அதில் என் பீரைக் காய்ச்சி ஊற்று. குளிரைக் குறைக்காதே. நான் சொல்லும்வரை குழாயில் கை வைக்காதே. அக்டோபரில் நான் விழாவுக்காக வரவில்லை, அதைப் பார்க்கத்தான் வருகிறேன். வந்த இடத்தில் பீப்பாய் இருந்தால், சுத்தியல் என் கையில் இருக்கும். டுவைட் பீப்பாயை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். அதற்கு மேல் நான் இறங்கி வரமாட்டேன்.

அக்டோபருக்குள் அது சரியாக வராமலும் போகலாம். நீ நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி போட்டுக்கொள், யாருடைய தொப்பியானாலும் சரி. யார் என்ன குறை சொன்னாலும் கரும்பலகையிலிருந்து அந்தப் பெயரை மட்டும் அழித்துவிடாதே, மகனே. அது கெட்டுப்போகவில்லை. இன்னும் ஆகவில்லை, அவ்வளவுதான்.

உன் அப்பா,
ஹார்லன்